மணல் கொட்டகையில் படப்பிடிப்பு

குளியலறையில் குழாய் வெகுநேரமாக ஓடிக்கொண்டிருந்தது. இருமல் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று கணவன் திறந்துவிட்டிருக்கும் குழாய் அது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஆனாலும் வெளியே வந்தவன், ஒன்றுமே நடக்காததுபோல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காபி ரெடியா?" என்றான்.

"ரெடி. ஏங்க, இன்னைக்கு நீங்க வரவேண்டாமே. ஜுரம்னு சொல்லிடறேன்."

"நல்லா சொல்லு. அப்பா நேரா இங்க வந்து நெத்தியைத் தொட்டுப் பார்ப்பாரு. அக்கா பின்னாடியே தெர்மாமீட்டரோட வருவா."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

நேற்று மாலை நெஞ்சு டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் அவள் காதிலேயே இருந்தது. "ஜீன்ஸ் துணியை வெளுக்க வைக்க மணல் அடிப்பாங்களே, அந்த வேலையில இருந்திருக்கீங்களா?" என்று கேட்டார். கணவன் தலையாட்டியதும், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தத் தூசி உள்ள போனா வெளியே வராது சார். நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா தழும்பாயிடும். மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இனிமே தூசி இருக்கற பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதீங்க."

திரும்பி வரும்போது காரில் கணவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "படப்பிடிப்பு முடியற வரைக்கும் அப்பாகிட்ட இதைப் பத்தி மூச்சு விடாதே."

மூச்சு விடமாட்டேன் என்று அவளும் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாக இறங்கியது.

இன்றைய படப்பிடிப்பும் ஏதோ ஒரு விளம்பரத்துக்கு அல்ல. 'லாடம்' ஜீன்ஸ் கம்பெனியின் ஐம்பதாவது ஆண்டுக்காக, அதன் கதையையே படமாக எடுக்கிறார்கள்.

மாமனார் ஒரு காலத்தில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தவர். "முட்டி கிழியாத பேண்ட் ஒண்ணு தைச்சுக் கொடேன்யா" என்று ஒரு டிரைவர் கேட்கப்போக, மில்லில் கழித்துப் போட்ட கனத்த நீலத் துணியை வாங்கித் தைத்துக் கொடுத்தார். அதுதான் தொடக்கம். விளம்பரம் செய்யக் கையில் ஒன்றும் கிடையாது. பேண்ட்டை இனாமாகக் கொடுத்து, அதற்குப் பதிலாக லாரியின் பின்பலகையில் ஒரு குதிரைலாடத்தை வரைந்துவிட்டார். பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டிக்காரனும், பிடிக்கிறதோ இல்லையோ, அதைப் பார்த்துக்கொண்டே வந்தாக வேண்டும். "மத்தவன் சுவத்துல விளம்பரம் பண்ணினான். என் சுவரு ஊர் ஊரா ஓடிச்சு" என்று இன்றைக்கும் மார்தட்டுவார்.

பிறகு காலம் தலைகீழாகியது. கிழியாத பேண்ட் யாருக்கு வேண்டும்? புதுத் துணியைப் பழசாக்கிக் கொடுத்தால்தான் வாங்குவோம் என்று கல்லூரிப் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண் எழுதிக் கொடுத்தாள்: 'லாடம். தேயத் தேய உன்னுது.'

அந்த ஒரு வரியில் கம்பெனி எங்கேயோ போய்விட்டது. எழுதியவளைப் பார்க்க வந்த முதலாளி, "இந்த வாசகத்தை நான் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்" என்று தன் மகனுக்குப் பெண் கேட்டுவிட்டார். இன்றுவரை மருமகளை அவர் கூப்பிடுவது 'வாசகம்' என்றுதான்.

தேய்ந்த ஜீன்ஸ் கேட்டவர்களுக்காகவே தொழிற்சாலையின் பின்பக்கம் மணல் கொட்டகை எழும்பியது. கம்ப்ரஸர் தள்ளுகிற காற்றோடு மணலைக் குழாய் வழியாகத் தொடையிலும் முட்டியிலும் அடித்தால், பல வருடம் உடுத்தித் தேய்ந்ததுபோல நீலம் வெளுக்கும். "முதலாளி மகன்னா தலையில கொம்பா? முதல்ல மணல்ல நில்லு" என்று மகனையும் அங்கேதான் நிறுத்தினார். மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான பிறகும் வெகுகாலம் அவன் அங்கேதான் நின்றான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் புருவம் வெள்ளையாக இருக்கும். "என் தாத்தா வந்துட்டாரா?" என்று அவள் கேலி செய்வாள். பின்னால் அதே வேலைக்கு லேசர் மெஷின் வந்ததும் கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள்.



*

தொழிற்சாலை வாசலிலேயே நாத்தனார் பிடித்துக்கொண்டாள். கணவனின் அக்கா. விற்பனைப் பிரிவு முழுக்க அவள் கையில். ஒரு காதில் போன், இன்னொரு காதில் டைரக்டர்.

"வந்துட்டீங்களா? தம்பி, நீ போய் அப்பா பக்கத்துல உக்காரு. அவர் காலையிலேருந்து ஏழெட்டுத் தடவை கொட்டகையைப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டாரு. மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இவ்வளவு பரபரப்பா இருந்ததில்லை."

"அண்ணி, அந்த மணல் சீன்..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"சூப்பர் சீன். நீ எழுதினதுலயே அதுதான் டாப். கம்ப்ரஸருக்கு எண்ணெய் போட்டு ஓட்டிப் பார்த்தாச்சு. மணலும் வந்திறங்கியாச்சு."

"மணல் எதுக்கு? மாவைத் தூவினா போதாதா?"

நாத்தனார் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "மாவா? நாம என்ன பரோட்டாவா விக்கறோம்?"

மருமகள் மாடிப்படியை நோக்கி நடந்தாள். சொல்ல ஆரம்பித்தால் முழுதும் சொல்ல வேண்டும்.

மாடி ஹாலில் விருந்தாளிகளுக்கு இடம் போட்டிருந்தார்கள். போன மாதம் பத்திரிகைகளில் ஒரு பழைய படத்தைப் போட்டு, 'எங்கள் முதல் கைகள் எங்கே?' என்று விளம்பரம் கொடுத்திருந்தது கம்பெனி. கொட்டகை ஆட்கள் கையில் மணல் குழாயோடு வரிசையாக நிற்கிற படம். நடுவில் வாலிப முகத்தோடு கணவன். படத்தில் இருப்பவர்கள் வந்து, இப்போது எடுக்கும் படத்திலும் தலைகாட்ட வேண்டும் என்பது மருமகளுடைய யோசனைதான். கடிதமும் போனும் வந்து குவியும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கொஞ்சம்தான். ஆட்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள், வீடு மாறியிருப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டாள்.

இப்போது படிக்கட்டின் மேல்முனையில் நின்று, வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மனிதர் ஏறி வந்தார். பாதியில், படி திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார். ஒரு கை கைப்பிடியில். தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இறங்கின. பார்த்தால் கணவனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

அவள் இறங்கி ஓடினாள். "என்னாச்சுங்க? தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"ஒண்ணுமில்லம்மா. படிக்கட்டு... ரொம்ப அழகா கட்டியிருக்காங்க. அதான் நின்னு பார்க்கறேன்." நகைச்சுவையாகத்தான் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"படத்துல நீங்க..."

"ஓரத்துல ரெண்டாவது ஆளு. விசில்னு கூப்பிடுவாங்க. கம்ப்ரஸர் சத்தத்தையும் மீறி நான் அடிக்கிற விசிலு ரோடு வரைக்கும் கேக்கும். சின்ன முதலாளி வந்திருக்காரா?"

"வந்திருக்காரு."

விசில் அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். "நல்லா இருக்காரா?" என்றார்.

சாதாரணமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவர் கேட்டவிதம் சாதாரணமாக இல்லை.

அவருக்குப் பின்னால் ஒரு பெண்மணி வந்தார். கையில் துணியில் சுற்றிய ஒரு போட்டோ. படத்தில் எல்லோரையும்விட உயரமாக நிற்பவரின் மனைவியாம். இரண்டு துணிமூட்டையை ஒரே சமயத்தில் தோளில் தூக்குவாராம்; பயில்வான் என்றால்தான் எல்லோருக்கும் தெரியுமாம்.

"அவர் வரலையாம்மா?"

"அவருக்குப் பதிலாத்தான் நான் வந்தேன் தாயி. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. டிபின்னு சொன்னாங்க. மருந்து மாத்திரைன்னு எவ்வளவோ பார்த்தோம், ஒண்ணுக்கும் அடங்கலை. பூதம் மாதிரி இருந்த மனுஷன், கடைசியில நானே தூக்கி உக்காரவைக்கிற அளவுக்கு எலும்பாயிட்டாரு." போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஆனா உங்க மாமனாரைச் சொல்லணும். பெரிய டாக்டர்கிட்ட அவரே காருல அழைச்சுட்டுப் போனாரு. டாக்டரோட தனியா ரொம்ப நேரம் பேசினாரு. கடைசி வரைக்கும் கைவிடலை. அந்த நன்றிக்குத்தான் வந்தேன்."

மருமகள் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். பக்கத்திலேயே தானும் உட்கார்ந்துவிட்டாள்.

*

மாமனார் கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அதற்குக் கீழே, இந்த வயதிலும், லாடம் ஜீன்ஸ்தான்.

"மாமா, ஒரு நிமிஷம்."

"சொல்லு வாசகம்."

"இந்த மணல் சீன் வேண்டாம்னு தோணுது."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை மாமா. மெஷின் ரொம்பப் பழசு. எங்கேயாவது வெடிச்சு கிடிச்சு வச்சா..."

அவர் முகம் இளகியது. "ஓ, அதைச் சொல்றியா?" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அஞ்சு நிமிஷம்தான்மா. அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆயிடாது. நடிக்க வந்த பையன் பிடிப்பான், எடுத்துட்டு நிறுத்திடுவாங்க. உன் வீட்டுக்காரனை உள்ள விடாதே. வெளியில நின்னா போதும்."

மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டு அவள் நகர்ந்தாள். நாலு அடி போன பிறகு, வெடிக்கிற மெஷினுக்கு அஞ்சு நிமிஷக் கணக்கு எதற்கு என்று மனசுக்குள் ஏதோ உறுத்தியது. அதற்குள் டைரக்டர் கைதட்டிவிட்டார்.

முதலில் பழைய ஆட்களை எடுத்தார்கள். விசிலின் பட்டப்பெயரைக் கேட்டதும் டைரக்டருக்குக் குஷி. "ஐயா, அந்தக் காலத்துல அடிச்ச மாதிரி ஒண்ணு அடிங்களேன். கேமரா ரெடி."

விசில் உதட்டைக் குவித்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். 'ஃபூ' என்றது. மூன்றாவது முறை இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினார். வேண்டுமென்றே தமாஷ் செய்கிறார் என்று லைட்டுக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

கணவன் சிரிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. மாமனாரும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது கொட்டகைக்குள். உள்ளே நாலு பக்கமும் அடைத்த தகரச் சுவர், மேலே ஒரே ஒரு காற்றாடி. மேஜைமேல் ஒரு புது ஜீன்ஸை விரித்துவைத்திருந்தார்கள். நடிக்க வந்த பையன் மணல் குழாயைப் பிடித்தான். கம்ப்ரஸரைப் போட்டதும் குழாய் பாம்பாகத் துள்ளி, அவன் கையிலிருந்து நழுவியது. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது.

"இது சரிப்படாது" என்றாள் நாத்தனார். "தம்பி! நீயே வந்து பிடிடா. உனக்குத் தூக்கத்துலகூட வருமே."

"அவன் வேண்டாம்!" என்று மாமனார் கத்திவிட்டார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வயசான மூஞ்சி, படத்துக்கு நல்லா இருக்காது" என்றார்.

"சார், பிள்ளையே பிடிச்சா எவ்வளவு உணர்ச்சியா இருக்கும்!" டைரக்டர் விடவில்லை. "ஒரே ஒரு டேக். முகத்துல துணி மட்டும் கட்டாதீங்க சார், முகம் தெரியணும்."

கணவன் மனைவியைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான். சுற்றி நிற்கிற அத்தனை பேரையும் பார்த்தான். இத்தனை பேர் நடுவில் முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

கம்ப்ரஸர் அலறியது. குழாயிலிருந்து மணல் சீறிக்கொண்டு பாய்ந்தது. கொட்டகை நொடியில் வெள்ளைப் புகையானது. அதற்குள் கணவன் ஒரு நிழலாகத் தெரிந்தான். அப்புறம் நிழலும் தெரியவில்லை.

"நிறுத்துங்க!" என்று அவள் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டைரக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். மாமனார் நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்து, எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நின்றார்.

வாக்காவது மண்ணாங்கட்டியாவது. அவள் சுவரோரமாக ஓடி, மெயின் சுவிட்சின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

விளக்குகள் அத்தனையும் அணைந்தன. கம்ப்ரஸர் ஒரு முனகலோடு ஓய்ந்தது. அந்த அமைதியில், கொட்டகைக்குள்ளிருந்து இருமல் கேட்டது. விட்டுவிட்டு, அடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். இங்கே வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற விசிலின் மூச்சும் கேட்டது. இரண்டும் ஒரே தினுசாக இருந்தன. அடைத்துக்கொண்ட குழாயில் காற்று போவதுபோல.

அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், கணவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அவன் புருவம் வெள்ளையாக இருந்தது.

"யாரு மெயினை அணைச்சது?" நாத்தனார் வந்த வேகத்தில் காற்றே விலகியது. "ஒரு டேக் வீணாப்போச்சு. உனக்கென்ன பைத்தியமா?"

"நான்தான் அணைச்சேன் அண்ணி. இன்னொரு தடவை போட்டீங்கன்னா ஒயரையே பிடுங்கிப் போட்டுடுவேன்."

"ஏய், வேண்டாம்..." என்றான் கணவன் இருமலுக்கு நடுவில்.

"போதுங்க. வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும்." அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, நேத்து டாக்டரைப் பார்த்துட்டு வந்தோம். உங்க பிள்ளை நெஞ்சுல இந்த மணல்தான் இருக்கு. நுரையீரல் தழும்பாயிட்டு வருதாம். திருப்பிக் கொண்டுவர முடியாதாம். இங்க வந்திருக்கறவங்க ஒவ்வொருத்தரையும் இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். படம் அப்புறம் எடுத்துக்கலாம்."

நாத்தனாரின் கையிலிருந்த போனில் யாரோ 'ஹலோ ஹலோ' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் அதை அணைக்கக்கூட இல்லை. "தம்பி... நிஜமாவாடா?" என்றாள்.

அதிர்ச்சியில் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், கத்துவார், அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்று திட்டுவார் என்று மருமகள் காலையிலிருந்து எத்தனையோ விதமாக நினைத்துப் பயந்து வைத்திருந்தாள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. என்ன நோய் என்று கேட்கவில்லை. எந்த டாக்டர் என்று கேட்கவில்லை. மகனிடம் நடந்து வந்து, அவன் தோளில் படிந்திருந்த மணலைத் தன் கையால் மெல்லத் தட்டிவிட்டார்.

"உனக்குமாடா?" என்றார்.

மருமகள் காலையிலிருந்து பயந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் ஒரு பயமே இல்லை என்று ஆகிவிட்டது.

"உனக்கும்னா என்னப்பா அர்த்தம்?" நாத்தனாரின் குரல் கீச்சென்றது. "வேற யாருக்கு? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மகன் தோளிலிருந்த மணலையே தட்டிக்கொண்டிருந்தார். டைரக்டர் ஜாடை காட்ட, கேமராக்காரர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினார்கள். அவர்களுக்கு எதிராக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பயில்வானின் மனைவி முன்னால் வந்தார். போட்டோவைச் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து தொங்கியது.

"முதலாளி," என்றார் அந்த அம்மா. கோபமே இல்லை. சந்தேகம்கூட இல்லை. நம்பிக்கையோடுதான் கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கு வந்தது டிபிதானே?"

மாமனாரின் கை மகன் தோளிலேயே நின்றுவிட்டது.

விசில் சுவரைவிட்டு விலகி நேராக நிமிர்ந்தார். பேசுவதற்குத் தேவையான மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இந்தம்மாவை இன்னும் எத்தனை வருஷம் ஏமாத்தறது முதலாளி?" என்றார். "அந்தப் பெரிய டாக்டர்தான் எனக்கும் வைத்தியம் பார்க்கறாரு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"